பாதிப் பங்கு இருக்கட்டும், லாகின் யாரிடம் இருக்கிறது?

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் எழுதியிருக்கும் நீளமான கடிதத்தின் சாரம் இது. ஆன்லைன் மார்க்கெட்டிங்குக்கு அவர் புதியவர். கைபேசியில் நல்ல படம் எடுப்பது எப்படி என்று எட்டு மாதமாக வாரம் ஒரு மின்மடல் அனுப்புகிறார். 1,400 பேர் சேர்ந்திருக்கிறார்கள். சில அஃபிலியேட் லிங்குகளில் (பிறர் பொருளைப் பரிந்துரைக்கும் இணைப்புகள், அதன் வழியாக யாராவது வாங்கினால்) கொஞ்சம் கமிஷன் வருகிறது, அவ்வளவுதான். ஒரு பயிற்சிக் குழுவில் அவருக்கு ஒருவர் அறிமுகமாகிறார். பல ஆண்டுகளாக விளம்பரம் ஓட்டிப் பழகியவர், வேறு நாட்டில் இருப்பவர். "நாம் இரண்டு பேரும் பார்ட்னராகச் சேர்ந்து ஒரு கோர்ஸ் போடலாம்" என்கிறார். பாடங்களும் ஈமெயில்களும் வாசகியின் வேலை. விளம்பரம், விற்பனைப் பக்கம், பணம் வாங்கும் ஏற்பாடு எல்லாம் அவர் வேலை. லாபத்தில் சரிபாதி. டொமைன் (இணைய முகவரி), ஆட் அக்கவுன்ட் (விளம்பரக் கணக்கு), பேமென்ட் கேட்வே (வாங்குகிறவர்களிடம் பணம் வாங்கும் சேவை) மூன்றும் அவர் பெயரில். "ஒப்பந்தமெல்லாம் வியாபாரம் சூடுபிடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் நம்பிக்கைதான் முக்கியம்" என்பது அவர் பேச்சு.

விற்பனைப் பக்கம் வெளியாகிவிட்டது. அதில் 'நிறுவனர்கள்' என்று இருவருடைய படமும் பெயரும் இருக்கின்றன. 37 பேர் முன்கூட்டியே பணம் கட்டிவிட்டார்கள். முதல் வாரத் தொகையில் பாதி வாசகிக்கு வந்தும் சேர்ந்துவிட்டது. இப்போது அந்த 1,400 ஈமெயில் முகவரிகளையும் ஒரு ஃபைலாக எடுத்து அனுப்பச் சொல்கிறார். வாசகியின் கேள்விகள் நான்கு. சரிபாதி நியாயமா? எதிலும் கையெழுத்துப் போடவில்லையே, பிடிக்காவிட்டால் விலகிவிடலாம்தானே? லிஸ்டைக் கொடுக்கலாமா? எழுத்தில் கேட்டால் அவர் தப்பாக எடுத்துக்கொள்வாரே, ஒன்றும் தெரியாத நான் எந்த முகத்தோடு கேட்பது? இவை போக, போகிற போக்கில் ஒரு வரி: "அவர் ஓட்டும் விளம்பரத்தில் '30 நாளில் உங்கள் படங்கள் வருமானம் தரும், உத்தரவாதம்' என்று போட்டிருக்கிறார், எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது."

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் கடைசி வரியில்தான் நான் முதலில் நின்றேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், நீங்கள் நிம்மதியாக நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றை நான் கலைக்க வேண்டியிருக்கிறது.

கையெழுத்து இல்லையென்றால் கூட்டு இல்லையா?

இருக்கிறது. கூட்டு வியாபாரம் பிறப்பதற்குப் பெரும்பாலான நாடுகளில் கையெழுத்து தேவையில்லை. இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம், லாப நோக்கோடு சேர்ந்து தொழில் நடத்துகிறவர்களுக்கு இடையிலான உறவைத்தான் கூட்டாண்மை என்கிறது. பத்திரம், முத்திரை என்ற பேச்சே அந்த வரையறையில் கிடையாது. இந்தியாவின் 1932ஆம் ஆண்டு சட்டமும் மலேசியாவின் 1961ஆம் ஆண்டு சட்டமும் அந்த மரபில் வந்தவை. அமெரிக்க மாநிலங்களின் சட்டங்களும் இந்த இடத்தில் பெரிதாக வேறுபடுவதில்லை. நீங்கள் பார்ட்னர் என்று சொல்லிக்கொண்டீர்களா இல்லையா என்பதைவிட, எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

லாபத்தில் பங்கு வாங்கிய ஒரே காரணத்துக்காக ஒருவர் பங்காளி ஆகிவிட மாட்டார் என்பதும் உண்மை. 1860இல் காக்ஸ் எதிர் ஹிக்மன் வழக்கில் அப்போது அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை அதைத் தெளிவாக்கிவிட்டது. ஒருவர் செய்வது மற்றவரையும் கட்டுப்படுத்தும் விதமாக, இருவருக்காகவும் தொழில் நடக்கிறதா என்பதே உரைகல். அதனால்தான் அஃபிலியேட் கமிஷன் வாங்கும் உங்களை அந்த நிறுவனத்தின் பங்காளி என்று யாரும் சொல்வதில்லை. "நாம் தனித்தனித் தரப்புகள்" என்ற வரியை அந்த நிறுவனங்களே தங்கள் விதிமுறைகளில் எழுதி வைத்துவிடுகின்றன. உங்கள் கோர்ஸ் விஷயம் அப்படி இல்லை. பக்கத்தில் இருவரும் நிறுவனர்கள். வந்த பணத்தைப் பாதி பாதியாகப் பிரித்திருக்கிறீர்கள். வாடிக்கையாளர்களும் உங்கள் இருவரையும் நம்பித்தான் பணம் கட்டியிருக்கிறார்கள். இந்த விவரங்களை ஒரு நீதிபதி முன் வைத்தால் "கூட்டு இல்லை" என்று வாதாட வழக்கறிஞரான எனக்கே சிரமமாக இருக்கும்.

இதனால் என்ன ஆகிறது? எழுதி வைக்காத கூட்டுக்கு விதிகளே இல்லை என்று அர்த்தமில்லை. நீங்கள் எழுதாத விதிகளைச் சட்டம் தானே எழுதிக்கொள்கிறது. அந்த விதிகள் உங்களுக்குப் பிடிக்குமா பாருங்கள். லாபம் சமம், நஷ்டமும் சமம். வேலை செய்ததற்குத் தனிச் சம்பளம் கிடையாது. தொழிலுக்காக ஒரு பங்காளி வாங்கிய கடனுக்கும் கொடுத்த வாக்குறுதிக்கும் மற்றவரும் பொறுப்பு, அதுவும் தன் சொந்தச் சொத்து வரைக்கும். "என் உழைப்பு மட்டும்தான் போகும், பணம் அவருடையதுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. அவர் விளம்பரத்துக்கு 50 செலவழித்து 20தான் திரும்பி வந்தால், அந்த 30 நஷ்டத்தில் உங்கள் பங்கு 15.

விலகுவதைப் பற்றி: காலம் குறிப்பிடாத கூட்டிலிருந்து அறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறலாம், அந்த அளவில் நீங்கள் நினைத்தது சரி. ஆனால் விலகிய நாளுக்கு முன் நடந்தவற்றின் பொறுப்பு உங்களோடுதான் இருக்கும். அந்த 37 பேருக்குக் கோர்ஸோ பணமோ போய்ச் சேர்ந்தாக வேண்டும். நீங்கள் விலகிய விஷயம் வெளியே தெரியாமல், உங்கள் படம் அந்தப் பக்கத்தில் தொடர்ந்து இருந்தால், அதை நம்பிப் புதிதாகப் பணம் கட்டுகிறவர்களும் உங்களைக் கேட்க வாய்ப்பிருக்கிறது.

இப்போது அந்த 'உத்தரவாதம்'. இவ்வளவு நாளில் இவ்வளவு வருமானம் என்று ஆதாரமில்லாமல் சொல்வது பல நாடுகளில் தவறாக வழிநடத்தும் விளம்பரம். அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி இதற்கென்றே நடவடிக்கை எடுக்கிறது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விளம்பரம் காட்டப்படுவது எந்த நாட்டிலோ அந்த நாட்டுச் சட்டமும் வந்து சேரும். எழுதியது அவர், கிளிக் செய்தது அவர். ஆனால் பக்கத்தில் இருப்பது உங்கள் படமும்தான். உங்களுக்கு ஏற்பட்டது வெறும் கூச்சமில்லை, சரியான பயம். அந்த வரியை இன்றைக்கே எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நீங்கள் கேட்டதற்குத் தேதியோடு ஒரு பதிவு இருப்பது பின்னால் உதவும்.

சரிபாதி, எதில்?

50-50 நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இந்த எண்ணில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் பேசுவதற்கு எளிதான விஷயம் இதுதான். எதில் பாதி என்பதைப் பேசாத வரை அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

வரவு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் 50, கேட்வே கட்டணம் 4, ரீஃபண்ட் 10, மென்பொருள் சந்தாக்கள் 6. மிச்சம் 30, ஆளுக்கு 15. இதில் அவர் போட்ட 50 முதலில் அவருக்குத் திரும்பி வந்துவிட்டது. பாடம் தயாரிக்க நீங்கள் உட்கார்ந்த வாரங்கள் செலவுக் கணக்கில் எந்த வரியிலும் இல்லை. மென்பொருள் சந்தா 6 என்றேனே, அவற்றை அவர் தன் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் பயன்படுத்துகிறாரா, முழுச் செலவும் இந்தக் கோர்ஸ் தலையிலா? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் எல்லா வரிக்கும் ஒரு கேள்வி இருக்கும். அவரை மோசமானவர் என்று சொல்லவில்லை. தன் கார்டில் விளம்பரச் செலவைத் தாங்குகிறவர் அவர்தான், அந்த ஆபத்துக்கு ஒரு விலை உண்டு. கணக்கு முழுக்க ஒருவர் தலைக்குள் இருந்தால் நல்லவர்களுக்குள்ளும் சண்டை வரும் என்பதுதான் என் பயம். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று சும்மாவா சொன்னார்கள்.

உங்களுக்கு வந்த முதல் வாரப் பாதி, அந்தப் பணத்தைத் தயவுசெய்து செலவழிக்காதீர்கள். காரணம் சொல்கிறேன். கார்டில் பணம் கட்டிய ஒருவர், கோர்ஸ் வரவில்லை என்றோ, விளம்பரத்தில் சொன்னது போல இல்லை என்றோ தன் வங்கியில் புகார் கொடுக்கலாம். அதைத்தான் சார்ஜ்பேக் என்கிறார்கள். பெரிய கார்டு நிறுவனங்களின் விதிகளில் பல வகைப் புகார்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. புகார் வந்ததும் கேட்வே அந்தத் தொகையையும் மேலே ஒரு கட்டணத்தையும் கணக்கிலிருந்து கழித்துவிடும். கணக்கில் பணம் இல்லாவிட்டால் இருப்பு மைனஸில் போகும். புகார்கள் அதிகமானால் கேட்வே கணக்கையே முடக்கி, இருக்கிற பணத்தைப் பல மாதம் பிடித்து வைப்பதும் உண்டு. இன்னும் ஒரு பாடம்கூடப் போகாத கோர்ஸின் முன்பணத்தை முதல் வாரத்திலேயே பிரித்தது சரியில்லை. அது உங்கள் இருவருக்கும் வந்த லாபமே அல்ல, அந்த 37 பேருக்கு நீங்கள் பட்டிருக்கும் கடன். ரீஃபண்ட் காலம் முடிந்த பிறகு, ஒரு பகுதியைக் கையிருப்பாக நிறுத்தி வைத்துவிட்டு மீதியைப் பிரிப்பதுதான் முறை.

சரிபாதியில் இன்னொரு சங்கடம், கருத்து வேறுபாடு வந்தால் முடிவெடுக்க ஆளில்லை. அதற்குப் பங்கை 51-49 ஆக்க வேண்டியதில்லை. பாட விஷயத்தில் உங்கள் சொல் கடைசி, விளம்பர உத்தியில் அவர் சொல் கடைசி, குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவானாலோ விளம்பரத்தில் உங்கள் பெயரில் எந்த வாக்குறுதி கொடுத்தாலோ இருவர் சம்மதமும் வேண்டும் என்று துறை பிரித்துக்கொண்டால் போதும்.

சாவி யார் கையில்

உங்கள் கடிதத்தில் நீங்கள் பெரிதுபடுத்தாமல் ஒரே வரியில் கடந்துபோன விஷயம் இது. என்னைக் கேட்டால் விகிதத்தைவிட இதற்குத்தான் முதலில் பதில் தேட வேண்டும்.

ஆன்லைன் வியாபாரத்துக்குக் கட்டடமும் இல்லை, சரக்கும் இல்லை. டொமைன், ஆட் அக்கவுன்ட், அதில் சேர்ந்திருக்கும் பழைய விளம்பரத் தரவு, கேட்வே, வாங்கியவர்கள் பட்டியல், பாட வீடியோக்கள் ஏற்றி வைத்திருக்கும் தளம், இவ்வளவுதான் சொத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு லாகின். யார் பெயரில் இருக்கிறதோ அவர் நினைத்தால் ஒரு ராத்திரியில் மற்றவரை வெளியே நிறுத்திவிட முடியும். காலையில் எழுந்து பார்த்தால் பக்கம் அப்படியே இருக்கும், விற்பனை நடந்துகொண்டிருக்கும், உங்களுக்குத்தான் உள்ளே போக வழியிருக்காது. அவர் வேறு நாட்டில் இருக்கிறார். நாடு விட்டு நாடு வழக்குப் போடுவது, இந்த அளவு தொகைக்கு, பெரும்பாலும் கிடைப்பதைவிடச் செலவை அதிகமாக்கும். சில நாடுகளில் அதற்கு முன்பே கதவு அடைபடும்: இந்தியச் சட்டத்தின் 69ஆம் பிரிவுப்படி, பதிவு செய்யாத கூட்டின் பங்காளி ஒப்பந்த உரிமையைக் கேட்டு மற்றவர் மீது வழக்குப் போட முடியாது, கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்கலாம், அவ்வளவுதான். எனவே வழக்கறிஞராக இருந்துகொண்டே சொல்கிறேன், உங்கள் விஷயத்தில் நல்ல ஒப்பந்தத்தைவிட நல்ல அட்மின் உரிமை அதிகம் காப்பாற்றும்.

"பாஸ்வேர்டு எனக்கும் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது போதாது. நீங்கள் லாகின் செய்யும்போது ஆறு இலக்க எண் ஒன்று கேட்குமே, அது யாருடைய போனுக்குப் போகிறது? பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் மீட்பு லிங்க் எந்த ஈமெயிலுக்குப் போகிறது? அந்த இரண்டும் அவரிடம் இருந்தால் பாஸ்வேர்டு உங்களிடம் இருப்பதில் பயனில்லை. மேலும் ஒரே பாஸ்வேர்டை இருவர் வைத்துக்கொள்வது பாதுகாப்பும் இல்லை. யார் எதை மாற்றினார் என்று பின்னால் கண்டுபிடிக்கவும் முடியாது. உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில், தனி அட்மின் அனுமதி வேண்டும். மெட்டாவின் பிசினஸ் கணக்கிலும் கூகுள் ஆட்ஸிலும் ஒன்றுக்கு மேற்பட்ட அட்மின்களைச் சேர்க்க முடியும். யூடியூபில் பிராண்ட் கணக்காக இருந்தால் ஒருவரை உரிமையாளராகச் சேர்த்து ஏழு நாள் ஆன பிறகே முதன்மை உரிமையாளராக மாற்ற முடியும். ஆகவே அதையெல்லாம் சண்டை வருவதற்கு முன்பே செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லவில்லை. விளம்பரம் அவர் கார்டில் ஓடுகிறது, ஆட் அக்கவுன்ட் அவரிடம் இருப்பது நியாயம். டொமைனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கேட்வே அவரிடம் என்றால் விற்பனை அறிக்கையைப் பார்க்கும் அனுமதி உங்களுக்கு வேண்டும். வாங்கியவர்களின் பட்டியல் வாரம் ஒருமுறை இருவருக்கும் தானாக வர ஏற்பாடு செய்யலாம். ஒருவர் இல்லாமல் மற்றவர் முழுதாக ஓட முடியாதபடி சாவிகள் பிரிந்திருந்தால் இருவருமே மரியாதையாகப் பேசுவார்கள்.

பாடங்களைப் பற்றி ஒரு நல்ல செய்தி. நீங்கள் எழுதி, நீங்கள் பேசிப் பதிவு செய்த பாடத்தின் பதிப்புரிமை, நீங்கள் அவருடைய ஊழியராக இல்லாத வரை, உங்களுடையதுதான். அதைக் கைமாற்ற எழுத்தில் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும் என்று இங்கிலாந்து, இந்தியா, அமெரிக்கா மூன்று சட்டங்களும் சொல்கின்றன. அவசரப்பட்டு எதிலும் "உரிமை முழுவதும் கூட்டுக்கே" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வீடியோக்களின் மூலக் கோப்புகள் உங்கள் கணினியிலும் தனி டிரைவிலும் இருக்கட்டும்.

லிஸ்டைக் கொடுக்காதீர்கள்

இந்தக் கேள்விக்கு மட்டும் என்னால் தயங்காமல் பதில் சொல்ல முடிகிறது. கொடுக்காதீர்கள்.

அந்த 1,400 பேரும் உங்கள் மின்மடலைப் பெறச் சம்மதித்தவர்கள். முகவரியைப் பெயர் தெரியாத மூன்றாம் ஆளிடம் கொடுக்கச் சம்மதித்தவர்கள் இல்லை. ஐரோப்பாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் வாசகர்களில் சிலர் அங்கே இருந்தால் அது உங்களையும் தொடக்கூடும். 2014இல் நடைமுறைக்கு வந்த கனடாவின் ஸ்பாம் எதிர்ப்புச் சட்டம் சம்மதத்தை முன்கூட்டியே கேட்கிறது. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் தொழிலே அடிபடும். ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் ஸ்பாம் புகார் விகிதத்தை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து சொல்கிறது. 1,400 பேரில் 0.3 சதவீதம் என்றால் நான்கு பேர். தனக்கு அறிமுகமே இல்லாத ஒருவரிடமிருந்து விற்பனைக் கடிதம் வந்தால் நான்கு பேர் ஸ்பாம் பொத்தானை அழுத்த மாட்டார்களா? அதோடு, ஃபைல் ஒருமுறை கைமாறிவிட்டால் திரும்ப வாங்கவே முடியாது. அதை ஆட் அக்கவுன்ட்டில் ஏற்றி, உங்கள் வாசகர்களைப் போன்ற புது ஆட்களைத் தேடும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம், அடுத்த பார்ட்னரோடு போடும் கோர்ஸுக்கும் பயன்படுத்தலாம். உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அவர் கேட்பதில் தொழில் ரீதியாக நியாயம் ஒன்றிருக்கிறது: உங்கள் வாசகர்களிடம் கோர்ஸைக் கொண்டுபோக வேண்டும். அதற்கு வழக்கமான வழி, நீங்களே உங்கள் பெயரில் மடல் அனுப்புவது. அதில் கோர்ஸ் பக்கத்தின் லிங்க் இருக்கும். விரும்புகிறவர்கள் அங்கே போய்த் தாங்களே பெயர் கொடுப்பார்கள். இந்த விற்பனையில் உங்களுக்குப் பங்கு உண்டு என்பதை மடலிலேயே சொல்லிவிடுங்கள். அனுபவமுள்ள எந்த மார்க்கெட்டருக்கும் இது புதிதல்ல. இதற்கு அவர் முகம் சுளித்தால், அவருக்குத் தேவை கோர்ஸா, லிஸ்டா என்று நீங்கள் யோசிக்க வேண்டிய நேரம் அது.

நான் சொல்லும் வழி

சம பங்காளியாக இப்படியே தொடராதீர்கள். ஓடிவிடவும் வேண்டாம். நடுவில் வழிகள் இருக்கின்றன.

ஒன்று, பாடத்துக்கு மட்டும் உரிமம். கோர்ஸை விற்பது அவர், தொழில் அவருடையது. உங்கள் பாடங்களைப் பயன்படுத்த அனுமதி கொடுத்து, ரீஃபண்ட் போக வந்த ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு சதவீதம் நீங்கள் வாங்குகிறீர்கள். லாபத்தில் பங்கு இல்லை, விற்பனையில் பங்கு. அவர் விளம்பரச் செலவு எவ்வளவு என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம், நஷ்டமும் உங்களைத் தொடாது. சதவீதம் ஐம்பதை விடக் குறைவாகத்தான் இருக்கும், அது இயற்கை. பக்கத்தில் 'நிறுவனர்' போய் 'பயிற்சியாளர்' வர வேண்டும்.

இரண்டு, இதைத் தலைகீழாக்குவது. கோர்ஸ் உங்களுடையது, கேட்வே உங்களுடையது, அவர் விளம்பரம் ஓட்டித் தருகிற அஃபிலியேட். பொறுப்பு முழுக்க உங்கள் மேல் வரும், கைமுதலும் வேண்டும். எட்டு மாத அனுபவத்தில் இதைச் சுமக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

மூன்று, இந்த ஒரு லாஞ்சுக்கு (கோர்ஸை வெளியிட்டு விற்கும் ஒரு சுற்றுக்கு) மட்டும், முடிவுத் தேதியோடு ஒரு கூட்டு. இந்தத் துறையில் ஜேவி (ஜாயின்ட் வென்ச்சர்) என்று சொல்வது இதைத்தான். கூட்டின் பொறுப்புகள் இதிலும் உண்டு, ஆனால் எல்லை தெரிந்திருக்கும்.

37 பேர் பணம் கட்டிவிட்ட நிலையில் முதல் வழிதான் உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். அந்த 37 பேருக்கு யார் பொறுப்பு என்பதை மட்டும் தனியாக, தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று லாஞ்ச் நன்றாகப் போய், ஒருவரையொருவர் தெரிந்துகொண்ட பிறகு, பொறுப்புக்கு எல்லை வைக்கும் எல்எல்பியோ (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) கம்பெனியோ தொடங்குவதைப் பற்றிப் பேசலாம். வரிக் கணக்கும் அப்போது ஒழுங்காகும். இப்போது எல்லாப் பணமும் அவர் கேட்வேயில் விழுவதால் அவருடைய வருமானம் போலத் தெரியும், உங்களுக்கு வந்ததை நீங்கள் தனியாகக் காட்ட வேண்டியிருக்கும்.

காகிதம் ஒரு பக்கம் போதும். யார் எதைச் செய்வது, எதில் எவ்வளவு பங்கு, எந்தத் தேதியில் பிரிப்பது, எந்தக் கணக்கு யார் பெயரில், யாருக்கு என்ன அனுமதி, பாடம் யாருடையது, பிரிந்தால் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு யார் சேவை செய்வது, தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம். ஈமெயிலில் அனுப்பி "சம்மதம்" என்று பதில் வாங்கினால்கூட ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல். பாட உரிமத்துக்கு மட்டும் இருவரும் கையெழுத்திடுவது நல்லது.

அவரைப் பற்றியும் கொஞ்சம் விசாரியுங்கள். அவர் காட்டிய வருமான ஸ்கிரீன்ஷாட்களை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பிரவுசரிலேயே எந்த எண்ணையும் ஒரு நிமிடத்தில் மாற்றிப் படம் பிடிக்கலாம். வீடியோ அழைப்பில் திரையைப் பகிர்ந்து, பழைய விளம்பரக் கணக்கு ஒன்றை உங்கள் கண்முன் திறந்து, பக்கத்தைப் புதுப்பித்துக் காட்டச் சொல்லுங்கள். முன்பு அவரோடு சேர்ந்து கோர்ஸ் போட்ட ஒருவரிடம் பேச வழி செய்யச் சொல்லுங்கள். அந்த முன்னாள் கூட்டாளியிடம் இரண்டே கேள்வி: பணம் சொன்ன தேதியில் வந்ததா, பிரியும்போது எப்படி நடந்துகொண்டார்?

எப்படிக் கேட்பது?

"ஒன்றும் தெரியாத நான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் விளம்பரம் ஓட்டத் தெரிந்தவர்தான், ஆனால் விற்க அவரிடம் பாடம் இல்லை, படிக்கும் ஆட்களும் இல்லை. இரண்டும் உங்களிடம் இருப்பதால்தான் தேடி வந்தார். கேட்கும் தகுதி உங்களுக்கு உண்டு. கோபப்படாமல், குற்றம் சாட்டாமல், இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். 37 பேர் பணம் கட்டியதிலிருந்து எனக்குப் பொறுப்பு கூடியது போல இருக்கிறது. பின்னால் நம் இருவருக்கும் மனக்கசப்பு வரக்கூடாது என்று நாம் பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன், பார்த்துத் திருத்திச் சொல்லுங்கள். லிஸ்டை வெளியே கொடுப்பதில்லை என்று என் வாசகர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் கோர்ஸ் மடலை நானே அனுப்புகிறேன். வருமான உத்தரவாத வரியை விளம்பரத்திலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள், அதற்கு என் சம்மதம் இல்லை. இது முடிவாகும் வரை புது விற்பனையை நிறுத்தி வைக்கலாம். வாங்கியவர்களுக்கு முதல் பாடம் சொன்ன தேதியில் போய்விடும்."

திருத்தம் கேட்டுப் பதில் போட்டால் நல்ல அறிகுறி, பேரம் பேசுகிறார் என்று அர்த்தம். "என்னை நம்பவில்லையா" என்று மட்டும் பதில் வந்தால் ஒருமுறை பொறுமையாக விளக்குங்கள். அதற்கும் அதே பதில் என்றால் விலகல் அறிவிப்பை ஈமெயிலில் அனுப்பிவிட்டு, பக்கத்திலிருந்து உங்கள் பெயரையும் படத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். உங்களிடம் வந்த முதல் வாரப் பணத்தை அந்த 37 பேரின் ரீஃபண்டுக்காக ஒதுக்கியிருப்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

எந்த முடிவுக்கு முன்பும் நீங்கள் இருக்கும் நாட்டில் ஒரு வழக்கறிஞரை ஒருமுறை பாருங்கள். மேலே நான் சொன்னது பொதுவான நிலை, உங்கள் நாட்டில் கூட்டைப் பதிவு செய்யும் விதியும் வரி விதியும் மாறலாம். போகும்போது விற்பனைப் பக்கத்தின் முழு ஸ்கிரீன்ஷாட், அந்த 'உத்தரவாத' விளம்பரத்தின் பிரதி, அவரோடு நடந்த உரையாடல் முழுவதும் (வெட்டாமல்), உங்களுக்குப் பணம் வந்த வங்கிப் பதிவு, இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். பக்கம் எப்போது வேண்டுமானாலும் மாறலாம், ஸ்கிரீன்ஷாட்டை இன்றைக்கே எடுத்து வையுங்கள்.